ஆப்பிரிக்காவில் சஃபாரி தவிர்த்து, கிராம வாழ்க்கையைப் பார்க்க எந்தப் பகுதிக்குப் போகலாம்? அங்குள்ள மக்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?

என்னைக் கேட்டால் தெற்கு எத்தியோப்பியாவில் உள்ள கொன்சோ. நான் அர்பா மிஞ்ச் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவன். அங்கிருந்து தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் கொன்சோவின் தலைமை ஊரான கராத் வந்துவிடும். விடுமுறை கிடைத்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வண்டி ஏறுவேன்.

சுற்றுலா வருகிற பலர் ஓமோ பள்ளத்தாக்குப் பழங்குடிகளைப் படம் எடுக்கும் அவசரத்தில் கொன்சோவில் மதியச் சாப்பாட்டை மட்டும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இத்தனைக்கும் 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் இது.

பட்டியலில் சேரக் காரணம் கல். மேடும் பள்ளமுமான வறண்ட மலைநாடு, மழையும் நம்ப முடியாதது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டி மண்ணை அடித்துக்கொண்டு போகும். அதனால் மலைச்சரிவு முழுக்கக் கல் வரப்புகள் கட்டிப் படிப்படியாக வயல் ஆக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் சுவர் 5 மீட்டர் உயரம்கூட இருக்கும். 400 ஆண்டுகளுக்கு மேலாக, 21 தலைமுறையாக நடக்கிற வேலை. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது. ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்தாத மூலையைத் தட்டி, உட்கார வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். நல்ல மழைக்கு அடுத்த நாள் போனால் எங்காவது வரப்பு சரிந்திருக்கும், அக்கம்பக்கத்தார் கூடி எடுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். யுனெஸ்கோ பலகையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். கை வைக்காமல் சில வருடம் விட்டால் அத்தனையும் மலையடிவாரத்துக்கு வந்துவிடும்.

வயலில் முக்கியப் பயிர் சோளம். அதன் ஊடே பயறு, பருத்தி, துவரை. அப்புறம் முருங்கை! நம்முடையதற்கு நெருங்கிய உறவான வேறொரு இனம், அடிமரம் பருத்திருக்கும். வயலிலும் வீட்டு முற்றத்திலும் எங்கு பார்த்தாலும் அதுதான். காயை யாரும் சீண்டுவதில்லை, கீரைதான் அன்றாடச் சாப்பாடு. சோளமாவை உருண்டை பிடித்து முருங்கைக்கீரையோடு வேகவைப்பதற்குக் குர்குஃபா என்று பெயர். உப்பு தவிரப் பெரிதாக எதுவும் சேராது, இரண்டாம் நாளே எனக்குப் பழகிவிட்டது.

ஊர்களும் கல்தான். மேட்டின் மேல் வீடுகளை நெருக்கிக் கட்டி, சுற்றிலும் கருங்கல் மதில். ஊர் பெருகப் பெருக வெளியே இன்னொரு மதில், இப்படி ஆறு சுற்று வரை உண்டு. வீட்டுக்குள் நுழையும் வழி அத்தனை தாழ்வு, தவழ்ந்துதான் போக வேண்டும். எதிரி வந்தால் முதலில் தலைதான் உள்ளே வரும் என்று கூட வந்த வழிகாட்டிப் பையன் சிரித்துக்கொண்டே விளக்கினான். கூம்புக் கூரையின் உச்சியில் மழை இறங்காமல் ஒரு மண்பானை.

ஊர் நடுவே 'மோரா' என்ற பொது வீடு. மேலே ஓலைக்கூரை, கீழே நாலு பக்கமும் திறப்பு. பகலில் பெரியவர்கள் பஞ்சாயத்து பேசுவார்கள், இரவில் இளைஞர்கள் அங்கேயே படுத்து ஊருக்குக் காவல் இருப்பார்கள். பக்கத்துத் திடலில் உருண்டைக் கல் ஒன்று கிடக்கும். அதைத் தூக்கித் தலைக்குப் பின்னால் எறிந்தவன்தான் கல்யாணத்துக்குத் தயார். நம்ம ஊர் இளவட்டக்கல்லேதான்! அங்கேயே கட்டாக உயரமான மரக்கம்பங்கள் நிற்கும். 18 வருடத்துக்கு ஒரு தலைமுறை பொறுப்பேற்கும்போது ஒரு கம்பம் கூடும். ஊருக்கு என்ன வயது என்று கேட்டால் கம்பத்தை எண்ணச் சொல்வார்கள்.

குலத்தலைவருக்குப் 'பொகல்லா' என்று பெயர். மொத்தம் ஒன்பது குலங்கள். வழக்கு தீர்ப்பது, குலத்தின் புனிதக் காட்டைக் காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தலைவர் இறந்தால் உடலைப் பதப்படுத்தி, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி ஒன்பது வருடம் வைத்திருந்து அடக்கம் செய்வது பழைய வழக்கம் என்பார்கள்.

புகைப்படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய மரச்சிலைகள் 'வாகா'. இறந்த வீரன் நடுவில், மனைவிகள் இரு பக்கம், அவன் வீழ்த்திய எதிரியோ சிறுத்தையோ அருகில். இப்போது புதிதாகச் செய்வது அரிது. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் பரவியது ஒரு காரணம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காகக் கல்லறையிலிருந்தே திருடிப்போனது இன்னொன்று. மீட்டவற்றைக் கராத் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கல்லறை மேல் நின்றிருக்க வேண்டியதை வரிசையாகச் சுவரோரம் பார்க்க எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எல்லாம் இனிமையான கதையும் இல்லை. தனி மண்டலம் கேட்டுப் பல வருடம் போராடி 2018இல்தான் பெற்றார்கள், எல்லைச் சண்டைகளில் உயிர்களும் போயின. மழை பொய்த்தால் வரப்பு மட்டும் என்ன செய்யும்? பிழைப்புக்கு நகரம் போகும் இளைஞர்கள் நிறைய.

போவதாக இருந்தால் முதலில் பாதை நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். திங்கள் அல்லது வியாழன் பார்த்துப் போனால் கராத் சந்தையையும் பார்க்கலாம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஊருக்குள் நுழைய வேண்டாம், ஆளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். சுரைக்குடுவையில் 'செக்கா' நீட்டுவார்கள். சோளத்தில் பெண்கள் காய்ச்சும் கெட்டியான பீர், வரப்பு வேலைக்கு வந்தவர்களுக்கு அதுதான் சாப்பாடும் கூலியும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள், புளிப்பாக இருக்கும். முழுக் குடுவையும் குடித்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு தேவைப்படாது, மலை ஏறுவதும் நடக்காது.