வாசகர் கேள்வி – பதில்: நெல்லும் செம்பனையும்

கேள்வி (வாசகி, பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர், மலேசியா): எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை), தஞ்சோங் காராங் போனால் ஒரே நெல்வயல். ஒரே மாவட்டத்தில் ஏன் இப்படி? ஒரு ஹெக்டர் செம்பனையில் எண்ணெய் எவ்வளவு தேறும்?

பதில்: மண்ணும் தண்ணீரும்தான் காரணம். கடலோரக் களிமண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது. நெல்லுக்கு வேண்டியது அதுதான். பெர்ணாம் ஆற்று நீரைத் தெங்கி ஆற்றுக்குத் திருப்பி, பெரிய வாய்க்கால் வழியாகச் செக்கிஞ்சான், சபாக் பெர்ணாம் வயல்கள் வரை பாய்ச்சுகிறார்கள். 18,000 ஹெக்டருக்கு மேல், வருடத்துக்கு இரண்டு போகம். வயல்களுக்குப் பின்னாலுள்ள சதுப்புக் காடு மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அங்கே வடிகால் வெட்டினால் மட்கு மண் காய்ந்து தீப்பிடிக்கும், வாய்க்காலும் வற்றும். அந்தக் காட்டைத் தொடவே கூடாது.

செம்பனைக்கோ வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தெனமாரத்தில்தான் உருவானது. 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டருக்குச் சுமார் 143 மரம். நன்றாகப் பராமரித்த தோட்டத்தில் வருடம் 20 டன் குலை கிடைக்கும்; ஆலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 டன், எண்ணெயாகும். நாட்டுச் சராசரி இதைவிடக் குறைவு.

அந்த 4 டன் பெரும்பாலும் தோட்டத்திலேயே குறைகிறது. பழத்தில் எண்ணெய் சேர்வது பழுக்கும் கடைசி வாரங்களில்தான். மரத்தடியில் உதிரிப்பழம் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே குலையில் அரிவாள் வைக்க வேண்டும். வெட்டுச் சுற்று 10 முதல் 14 நாளுக்குள் இருக்கட்டும். 20 நாள் ஆனால் உதிரி புல்லுக்குள் சிதறிவிடும். எண்ணெய் அதிகமுள்ள பழம் அதுதானே! அடிபட்ட பழத்தில் நொதி வேலை செய்து அமிலம் ஏறும், ஆலையின் நீராவி பட்டால்தான் அது நிற்கும். எனவே குலையை வீசி எறியாமல், 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்புங்கள்.

கேள்வி (வாசகர், பத்து அராங்): இவ்வருடம் நல்ல மழை. பிறகும் ஏன் செம்பனைக் குலை குறைவு?

பதில்: ஒரு பாளை ஆணா பெண்ணா என்பது குலை பழுப்பதற்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிடும். அன்றைய வறட்சியில் ஆண் பாளை கூடியிருக்கும்; ஆண் பாளை குலையாகாது. விளைச்சல் இல்லையென்று இப்போது உரத்தை நிறுத்தினால், அந்த நட்டமும் தாமதமாகத்தான் தெரியும்.