முகத்தில் வெண்புள்ளிகள் உள்ள வகுப்புத் தோழியை மற்றவர்கள் ஒதுக்கும்போது என் மகள் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள் என்றும், அவளுடைய வகுப்பில் முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் உள்ள மாணவி ஒருத்தியைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்றும், மகளுக்கு என்ன அறிவுரை சொல்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு சிறுமியின் பக்கத்திலிருந்து எழுந்து போனவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, என் பெஞ்சில் எனக்கு அடுத்து உட்காரும் தோழிக்கு உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் பின்கழுத்திலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றியிருந்தன. அதை நான் வீட்டில் சொன்ன மறுநாளே அம்மா பள்ளிக்கு வந்து, வகுப்பாசிரியையிடம் தாழ்ந்த குரலில் பேசி, என் இடத்தை மாற்றச் செய்தார். அம்மா இரக்கமில்லாதவர் இல்லை. அந்நாளில் எங்கள் ஊரில் அதற்கு ‘வெண்குட்டம்’ என்றே பெயர். ‘குட்டம்’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் தொழுநோயைத் தவிர வேறெதையும் நினைக்க அவரால் முடியவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போனதைப் பார்த்த பிறகே மற்றவர்களும் அவளை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். ‘உலகப்படம்’ என்ற பட்டப்பெயர் அதற்கும் சில நாட்கள் கழித்துத்தான் வந்தது. அவளை விட்டு விலகலாம் என்ற அனுமதியைப் பெரியவர்கள் முதலில் கொடுத்தார்கள். கேலி அதன் பின்னால் வந்தது. இந்த வரிசையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கேலியைவிட அந்த விலகல்தான் அவளை அதிகம் வாட்டியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மூவர் உட்காரும் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்க் குழாயில் அவள் குடித்துவிட்டு நகர்ந்தால், அடுத்து நின்றவள் குழாயைக் கழுவிவிட்டுத்தான் குடிப்பாள். மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று யாரோ சொன்னதை நம்பி, அவளுடைய வீட்டில் மீன், தயிர், புளிப்பு என ஒவ்வொன்றாக நிறுத்தியிருந்தார்கள். மதிய நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதற்குக்கூட அவள் தயங்கியதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் மைக்கேல் ஜாக்சன் மும்பையில் இசை நிகழ்ச்சி நடத்தினார். எங்கள் வகுப்புப் பையன்கள் செய்தித்தாளில் வந்த அவருடைய படத்தை வெட்டி நோட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டார்கள். தோலின் நிறத்தை அழிக்கும் குறைபாடு தமக்கு இருப்பதாக அவர் 1993இலேயே தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். அவருக்கு இருந்தது இதே வெண்புள்ளிதான். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ‘உலகப்படம்’ என்று கூப்பிட்ட வாய்கள் சற்றாவது தயங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்தி தலைமையாசிரியர் வரை போனதும், வகுப்பாசிரியை ஒருநாள் அவளை எழுப்பி எங்கள் முன் நிறுத்தி, “இவளும் உங்களைப் போலத்தான், பாவம், யாரும் இவளை வெறுக்கக் கூடாது” என்று அரைமணி நேரம் பேசினார். நல்ல எண்ணத்தில்தான் பேசினார். ஆனால் அவர் பேசிய நேரம் முழுவதும் நாற்பது பேரும் அந்தத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த இரண்டு நாட்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

மாற்றம் வந்தது கோ-கோ விளையாட்டில். துரத்துபவள், உட்கார்ந்திருப்பவளின் முதுகைக் கையால் தொட்டு, ‘கோ’ என்று உரக்கச் சொல்லித்தான் எழுப்ப வேண்டும். தொடாமல் சொன்னால் அது தவறு. நான் துரத்தி வந்து, அவளுக்குப் பின்னால் நின்று, தொடாமலேயே ‘கோ’ என்றேன். உடற்கல்வி ஆசிரியை விசில் ஊதினார். மறுபடியும் அப்படியே செய்தேன், மறுபடியும் விசில். மூன்றாம் முறை, “தொட்டுக் கொடு” என்று மட்டும் சொன்னார். எங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்தது. நான் தொட்டேன். அவள் எழுந்து ஓடினாள், அவ்வளவு வேகமாக எங்களில் யாரும் ஓடியதில்லை. அந்த ஆசிரியை அவளைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாமல் வைத்திருந்தார். சில வாரங்களில், போட்டிக்கு முன்னால் ஒருத்திக்கு ஒருத்தி சடை பின்னிவிடும்போது, எங்கள் அணித்தலைவி அவளைத் தன் முன்னால் உட்காரவைத்து, திட்டு இருந்த கழுத்தின் மேல் கை வைத்து இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டினாள். அதை ஒரு உதவியாக அவள் நினைத்ததாகவே தெரியவில்லை.

ஆகவே, உங்கள் மகளிடம் முதலில் உண்மையைத் தெளிவாகச் சொல்லுங்கள். தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது வெண்புள்ளி. அது தொற்றாது. உலகில் ஏறத்தாழ 100 பேரில் 1 பேருக்கு இருக்கிறது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது, அதன் திட்டுகளில் உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில் தொடு உணர்வு அப்படியே இருக்கும். ‘வெண்குட்டம்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘வெண்புள்ளி’ என்றே வழங்க வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு பின்னாளில் ஆணையிட்டது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். தொழுநோயும் மருந்தால் முழுமையாகக் குணமாகக்கூடியது, கை பட்டதும் ஒட்டிக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு நோயாளியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

பிறகு, இரக்கப்படச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நோட்டு கடன் வாங்கட்டும், ஊறுகாய் பங்கிடட்டும், சண்டை வந்தால் சண்டையும் போடட்டும். யாராவது பட்டப்பெயர் சொன்னால், சிரிக்காமல் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். புள்ளிகளைப் பற்றி அவளாகப் பேசினால் கேட்கட்டும். பேசாவிட்டால் கேட்க வேண்டாம். நீங்கள் ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, அந்தச் சிறுமியை வகுப்பின் முன் நிறுத்தாமல், அனைவருக்கும் சுழற்சி முறையில் இடம் மாற்றும்படி கேளுங்கள். மற்றத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இடம் மாற்றுவது பற்றி எழுதினால், அங்கே பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

என் தோழி ஒன்பதாம் வகுப்பின் இடையில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதுவரை கோ-கோ ஆடுகளத்தில் எத்தனையோ முறை அவளைத் தொட்டு எழுப்பியிருக்கிறேன். ஆனால் எங்கள் பழைய பெஞ்சுக்கு நான் திரும்பிப் போகவே இல்லை.