சாம்பார் சாதமும் இடது கை ஸ்பூனும்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. நியூ ஜெர்சியில் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இன்ஜினீயரிங் படிக்கிறான். பேஸ்பால் டீமில் ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து எறிபவன். தொழில்முறை கிளப்புகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் ஜூலை டிராஃப்டில் ஏதாவது கிளப் எடுத்தால் படிப்பை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்கிறான். மேட்ச் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் வந்து பத்துப் பந்து எறிவதெல்லாம் ஒரு வேலையா? இவர் கத்துகிறார், அவன் வாயே திறப்பதில்லை. வீட்டுப் பழக்கமும் போய்விட்டது. இப்போதெல்லாம் சாம்பார் சாதத்தைக்கூட இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிடுகிறான். அவன் மனதை எப்படி மாற்றுவது?
– பெயர் வேண்டாம், எடிசன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை விளையாட்டே கதியென்று கிடக்கிறான், படிப்பு என்ன ஆகும் என்ற கடிதம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பெரும்பாலும் கிரிக்கெட்டாக இருக்கும், உங்களுக்கு பேஸ்பால். எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை. சரியில்லாத ஒன்றை நீங்களே எழுதிவிட்டு, அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

உங்கள் மகன் வலது கைக்காரன்தானே? இடது கைக்காரனாக இருந்தால் இந்தப் புகார் அவன் சோறு தின்னத் தொடங்கிய நாளிலேயே கிளம்பியிருக்கும். இத்தனை வருடம் வலது கையால் பிசைந்து சாப்பிட்டவன் திடீரென்று கை மாறினால் அது வெள்ளைக்காரப் பழக்கமா? அங்கேயும் முக்கால்வாசிப் பேர் வலது கையில்தான் ஸ்பூன் பிடிக்கிறார்கள், அம்மா.

தட்டிலிருந்து வாய்க்குக் கை போக முழங்கை நன்றாக மடங்க வேண்டும். அவனுக்கு மடக்கினால் வலிக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய்ச் சோறு நழுவலாம். பந்து எறிபவர்களின் முழங்கை கெடும்போது இதெல்லாம் வரும். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தட்டைப் பார்த்த உங்கள் கண் கையைப் பார்க்கவில்லையே!

பத்துப் பந்து என்கிறீர்கள். நீங்கள் கண்ட பந்து அவ்வளவுதான். கொட்டகை என்று நீங்கள் சொல்வது புல்பென், மாற்று பிட்சர்கள் எறிந்து தயாராகும் இடம். அங்கே ஒரு போன் இருக்கும். மணி அடித்தால் எழுந்து, நிமிடக் கணக்கில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் முழு விசையில் எறிந்து தயாராக வேண்டும். அதற்குள் முதல் பிட்சர் சமாளித்துவிட்டால் ‘உட்கார்’ என்று தகவல் வரும். அரை மணி கழித்து மறுபடி மணி. இப்படி இரண்டு மூன்று தடவை எழுந்து எறிந்துவிட்டு, ஆடுகளத்துக்கே வராமல் வீட்டுக்கு வரும் நாளும் உண்டு. அந்த வயதுப் பையன் ஒரு நாளில் 30 பந்தைத் தாண்டினால் அடுத்த நாள் ஓய்வு என்று வழிகாட்டு விதி இருக்கிறது. புல்பென்னில் எறிந்தது அந்தக் கணக்கில் சேராது. ‘நேற்று நீ ஆடவே இல்லையே’ என்று மறுநாளும் அழைப்பார்கள். முழங்கை மட்டும் எல்லாவற்றையும் கணக்கு வைத்திருக்கும்.

சரி, வலித்தால் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். யாரிடம் சொல்வான்? டிராஃப்ட் வருகிற நேரத்தில் கோச்சிடம் சொன்னால் இடம் போகும். வீட்டில் சொன்னால், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அப்பா ஆரம்பிப்பார். மகனின் கை கெட்டால் தன் பேச்சு ஜெயிக்கும் என்கிற இடத்தில் ஒரு தகப்பன் நிற்கக் கூடாது. இது உங்கள் கணவருக்குக் கசக்கும். கசக்கட்டும், படித்துக் காட்டுங்கள்.

அந்த முழங்கையின் உள்பக்கத்தில் எலும்புகளை இழுத்துப் பிடிக்கும் நார் ஒன்று உண்டு. அது அறுந்தால் பிட்சரின் கதை முடிந்தது என்றிருந்த காலத்தில், 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடம்பின் வேறு இடத்து நாரை எடுத்து வைத்துத் தைத்தார். ஜான் 1989 வரை எறிந்தார். இன்றும் அந்த ஆபரேஷனுக்கு அவர் பெயர்தான். ஆனால் திரும்பி வந்து எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நார் லேசாகக் கிழிந்திருக்கும்போதே கண்டுபிடித்தால் கத்தி வைக்காமலே தப்பிக்கவும் வழி உண்டு. அதற்காகத்தான் அவசரப்படுத்துகிறேன்.

மரியானோ ரிவேரா என்று உங்கள் பக்கத்து ஊர் நியூயார்க்கில், யாங்கீஸ் அணியில் ஒருவர் இருந்தார். பனாமாவில் மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை. 1990-இல் சேர்ந்தார், 1992-இல் முழங்கையில் ஆபரேஷன், பெரிய அணிக்கு வந்தது 1995-இல். நீங்கள் கேலி செய்யும் அந்தக் கடைசி நேர வேலையைச் செய்து, வெற்றி கைநழுவாமல் 652 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு 2013-இல் ஓய்வு பெற்றார். பேஸ்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர்கூட விடாமல் ஆதரித்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். உங்கள் மகன் ரிவேரா ஆவான் என்று சொல்ல வரவில்லை. ஆக மாட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிராஃப்டில் எடுத்தவர்கள் முதலில் ஆடும் கீழ்மட்ட லீக்கில், 2023 ஒப்பந்தப்படி அந்த ஆண்டு முழு சீசன் ஆடும் முதல் படியில் ஆண்டுச் சம்பளம் 26,200 டாலர், மேல்படியில் 35,800. பெரிய அணியில் 2025-இல் குறைந்தபட்சமே 7,60,000. நடுவே பஸ் பயணமும் மோட்டல் அறையும்தான். பெரும்பாலோர் மேலே வருவதே இல்லை. இந்தக் கணக்கு அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவனையும் சும்மா விடுவதாக இல்லை. பெற்றவளிடம் வலியை மறைப்பது வீரம் இல்லை, பொய். யார் எடுத்தாலும் போகட்டும், ஆனால் மீதிப் படிப்பை எந்த ஆண்டு முடிப்பான், செலவு கிளப்புடையதா வீட்டுடையதா என்று கையெழுத்துக்கு முன்பே எழுதிக் கேட்டு வாங்கட்டும். படிக்க வைத்த குடும்பத்துக்கு அந்தக் கடமை அவனுக்கு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது: அவன் மனதை மாற்றும் வேலையை ஓரமாக வையுங்கள். இந்த வாரம் வரும்போது, அப்பா இல்லாத நேரம் பார்த்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் மடக்கச் சொல்லுங்கள். இரண்டு முழங்கையும் ஒன்றுபோல இல்லையென்றால் அவன் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள். கல்லூரி டீமில் கோச் வேறு, காயம் பார்க்கும் டிரெய்னர் வேறு, டிரெய்னரிடம் போகட்டும். வெளியே நல்ல ஆர்த்தோ டாக்டரிடமும் காட்டுங்கள். 26 வயது வரை அப்பாவின் இன்ஷூரன்ஸில் அவனுக்கு இடம் உண்டு. கத்துவதற்கு முன்னால் அந்த கார்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டிராஃப்ட் பற்றி மறுபடி எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கையில் வந்த பிறகு.