தந்தியும் காயிலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1950களின் சாயலில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் பார்த்தேன். பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று இரண்டு குழாய். கடைக்காரர் அதை 'லிப்ஸ்டிக் பிக்கப்' என்கிறார். உடம்பு முழு மரம் கூட இல்லை, ஹார்ட்போர்டாம். விலை குறைவு. நம்பி வாங்கலாமா? (வாசகர், கோவை)

தாராளமாக. நீங்கள் பார்த்தது டேன்எலெக்ட்ரோ வடிவம். அது அந்தக் காலத்திலேயே மலிவு கிட்டார்தான். பெரிய கம்பெனி கிட்டாரின் ஏழை நகல் என்று நினைத்துவிடாதீர்கள்.

நேதன் டேனியல் என்பவர் 1947இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கிய கம்பெனி அது. முதலில் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி செய்தார்கள், கிட்டார் 1950களில் வந்தது. சியர்ஸ் கடைக்கு 'சில்வர்டோன்' என்ற பெயரிலும் செய்து கொடுத்தார்கள். முதல் கிட்டார் வாங்கும் பிள்ளைகளுக்கான சரக்கு என்பதால் ஒவ்வொரு காசையும் பார்த்துத்தான் செலவழித்தார் டேனியல். மரச்சட்டத்தின் மேலும் கீழும் ஹார்ட்போர்டு, ஓரத்தை மறைக்க ரெக்ஸின் போல ஒரு பட்டை. பிக்கப் உறைக்கோ உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழாய்களையே வாங்கினார். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

குழாய்க்குள் அல்னிக்கோ என்ற உலோகக் கலவையில் ஒரு காந்தப் பட்டை, அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி, அதன்மேல் டேப். அவ்வளவுதான். சத்தம் பெரிதாக வராது. ஆனால் கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் தட்டினாற்போல் தெளிவாக, கொஞ்சம் வெற்றுக்கூடு போலக் கேட்கும். எனக்கு அந்த வெற்றொலிதான் பிடிக்கும். லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் கூட மேடையில் டேன்எலெக்ட்ரோ வாசித்திருக்கிறார். காசில்லாமல் அல்ல.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். சுவிட்சை நடுவில் வையுங்கள். பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு பிக்கப்பும் பேரலலாக, பக்கம் பக்கமாக இணைந்து சத்தம் சற்று மெலியும். பழைய டேன்எலெக்ட்ரோவில் இரண்டும் சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். அதனால் நடுவில் வைத்ததும் சத்தம் குபுக்கென்று ஏறி, தடிக்கும். நீங்கள் வாங்கப்போவதிலும் அப்படி ஏறினால் பழைய வயரிங்கையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரே ஒரு குறை சொல்கிறேன். பழைய மாதிரி பிரிட்ஜில் தந்திகள் உட்காருவது ஒரே மரத்துண்டின் மேல். ஒவ்வொரு தந்தியையும் தனியாக முன்னே பின்னே நகர்த்த முடியாது. அதனால் 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி, ட்யூனரில் சுருதி சரியாக நிற்கிறதா என்று ஆறு தந்திக்கும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கேள்வி: பெயின்ட் உரிந்து, தேய்ந்தது போலவே புதுசாக விற்கிறார்களே, மகனுக்கு அது வேண்டுமாம். வாங்கித் தரட்டுமா? (வாசகி, திருச்சி)

மகன் தினமும் வாசிப்பான் என்றால் தானாகவே தேயும். வாசிக்க மாட்டான் என்றால் எதற்கு?

கேள்வி: என் கிட்டார் சிங்கிள் காயில், அதாவது பிக்கப்பில் ஒரே ஒரு கம்பிச்சுருள். ஆம்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது. திரும்பி உட்கார்ந்தால் குறைகிறது. பழுதா? (வாசகர், மதுரை)

பழுது இல்லை. நான் அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் வளர்ந்தவன், அந்த இரைச்சலில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். காயில் என்பது ஆன்டெனா மாதிரி. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசையை, தந்தியின் அதிர்வோடு சேர்த்தே பிடித்துக்கொள்ளும். திரும்பி உட்கார்ந்தால் குறைவதும் அதனால்தான்.

கிப்சன் கம்பெனியில் சேத் லவர் இதற்கு ஒரு வழி செய்தார். இரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்பது அதுதான். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957இல் கிட்டார்களில் ஏறியது, காப்புரிமை வந்தது 1959இல். இடைப்பட்ட காலத்தில் 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்று அடியில் ஒட்டிய ஸ்டிக்கருக்காகவே இன்று சேகரிப்பவர்கள் சொத்தை விற்கிறார்கள்.

அப்புறம், தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது சரியான அறிகுறி. சுர்ரென்று ஷாக் அடித்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பாருங்கள். அது கிட்டார்க்காரன் வேலை இல்லை.

கேள்வி: பழைய பாணி ஸ்க்வயர் ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் மலிவு பிராண்டு கிட்டார்) வாங்கினேன். கெட்டித் தந்தியை மேல் ஃப்ரெட்டில் வாசித்தால் சுருதி அலைகிறது. பிக்கப்பை மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், சேலம்)

பொறுங்கள். நானும் இதே கதையில் பணத்தை விட்டவன். ஒரு செகண்ட் ஹேண்ட் கிட்டார் இப்படியே நெளிந்து நெளிந்து பாடியது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மூன்று பிக்கப்பையும் மாற்றினேன். அப்படியும் நெளிந்தது! பிறகு ஒருநாள் எரிச்சலில் ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பைக் கீழே இறக்கினேன், சரியாகிவிட்டது. கழற்றிய பழைய பிக்கப்கள் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன.

காரணம் எளிது. அல்னிக்கோ காந்தத் தண்டு தந்திக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் தந்தியை இழுக்கும், அது இயல்பாக அதிர முடியாது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காந்தத் தண்டின் தலைக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலில் அளந்து பாருங்கள். பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்லும் கணக்கு: கெட்டித் தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. அதிலிருந்து தொடங்கி, காதுக்குப் பிடிக்கும் வரை பிக்கப்பின் ஸ்க்ரூவை அரை அரைச் சுற்றாகத் திருப்புங்கள். தந்தி துருப்பிடித்துக் கிடந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு அளங்கள்.