அலை இல்லாத கடலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஆகஸ்டில் கிரீஸின் மைக்கோனோஸ் தீவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். பிளாட்டிஸ் யாலோஸ் கடற்கரையில் தங்கப்போகிறோம். படங்களில் அலையே இல்லாமல் ஏரி மாதிரி இருக்கிறது. பிள்ளைகளுக்கு 9 வயது, 6 வயது. இருவரும் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவார்கள். காற்றடைத்த பெரிய மிதவை ஒன்று வாங்கித் தரலாமா? நின்றபடி துடுப்புப் போடும் துடுப்புப் பலகை, ஜெட் ஸ்கீ எல்லாம் பயமில்லாமல் போகலாமா?
- வாசகி, சென்னை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், சகோதரி. அந்த மிதவையை மட்டும் வாங்காதீர்கள்.

மெரினாவில் நாம் பயப்படுவது அலைக்கு. மைக்கோனோஸில் பயப்பட வேண்டியது காற்றுக்கு. கோடையில் ஏஜியன் கடல் முழுக்க வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். வானத்தில் மேகமே இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், ஆனால் மதியத்தை ஒட்டிக் காற்று வலுத்துக்கொண்டே போகும். பிளாட்டிஸ் யாலோஸ் தீவின் தென்கரையில் இருக்கிறது. வடகாற்றைத் தீவே மறைப்பதால்தான் கரையோரம் அவ்வளவு அமைதி. சிக்கல் என்னவென்றால், அந்தக் காற்று அங்கே தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கொஞ்சம் உள்ளே போனதும் மிதவையைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்துவிடும்.

2020 ஆகஸ்டில் கிரீஸின் ஆன்டிரியோ அருகே, யூனிகார்ன் மிதவையோடு நடுக்கடலுக்குப் போய்விட்ட ஒரு சிறுமியைப் பயணிகள் கப்பல்தான் மீட்டது. பிள்ளை அப்படிப் போனால் நீந்தித் துரத்தாதீர்கள். காற்றில் போகும் மிதவையை எட்டிப் பிடிப்பது நல்ல நீச்சல்காரருக்கே கஷ்டம். பாதி வழியில் நீங்களும் களைத்துவிடுவீர்கள். உயிர்காப்பாளரிடமோ, நீர் விளையாட்டுக்குப் படகு வைத்திருப்பவரிடமோ ஓடுங்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: மிதவையை விட்டுக் குதிக்கக் கூடாது, கையை உயர்த்தி ஆட்ட வேண்டும்.

துடுப்புப் பலகைக்கும் இதே கதைதான். காலையில், காற்று எழும்புமுன், உயிர்காப்புச் சட்டையோடு, பலகையின் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு போங்கள். காற்று இழுப்பதாகத் தோன்றினால் உடனே மண்டியிடுங்கள். நின்றால் உடம்பே பாய்மரமாகிவிடும். வானிலை அறிக்கையில் காற்று 5 போஃபோர்ட் (காற்றின் வலுவைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேல் என்று கண்டால் அன்றைக்குப் பலகை வேண்டாம்.

நீந்துவதென்றால் கரைக்கு இணையாக, கால் தட்டும் ஆழத்திலேயே நீந்தச் சொல்லுங்கள். குளத்தில் களைத்தால் பிடித்துக்கொள்ள ஓர் ஓரம் உண்டு. கடலில் அது கிடையாது. அதனால் 6 வயதுப் பிள்ளை எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மிதவைகளால் எல்லை போட்டிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம், அந்தப் பக்கம் படகுகள் ஓடும். சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீலக் கொடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தண்ணீரின் சுத்தத்துக்கும் கடற்கரை வசதிகளுக்கும் தரும் சான்று. இன்று கடல் எப்படி என்று அது சொல்லாது.

ஜெட் ஸ்கீ பெரியவர்களுக்கு மட்டும். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். கயிறு இல்லாத வண்டி என்றால் வாடகைக்கு எடுக்காதீர்கள். அப்புறம், பாறைப் பக்கம் கடல் முள்ளெலிகள் இருக்கும், முள் உருண்டை மாதிரியான உயிரினம், மிதித்தால் குத்தும். எல்லோருக்கும் ரப்பர் செருப்பு கொண்டு போங்கள்.

ஒன்றை மட்டும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பழக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு 108 அடித்துவிடுவோம். கிரீஸில் 108 கடலோரக் காவல் படை, ஆம்புலன்ஸ் 166. பதற்றத்தில் இரண்டும் மறந்துபோனால் 112, எல்லா அவசரத்துக்கும் அது ஒன்றே போதும்.