ஊசி முனைக் கேள்விகள்: சோல்-ஜாஸ் கிட்டார் ரெக்கார்டுகள்

பெரம்பூர் வாசகர்: ஜார்ஜ் பென்சனின் 'ப்ரீஸின்' கேட்டு, அதற்கு முந்தைய காலத்து ஃபங்க் கிட்டார் பக்கம் வந்திருக்கிறேன். கிரான்ட் கிரீன் பெயர் மட்டும் தெரியும். வேறு யாரைத் தேடலாம்? கண்டதை வாங்கிப் பணத்தை இழக்க வசதி இல்லை.

பதில்: கடையில் எந்த ரெக்கார்டை எடுத்தாலும் முதலில் கவரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜாஸோடு புளூஸும் ஃபங்க் துள்ளலும் கலந்த இந்த சோல்-ஜாஸ் இசையில் கிட்டார் கலைஞரின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிப் புதையல் கைநழுவிப் போகும். அவர்களின் அருமையான வாசிப்பு பலவும் ஆர்கன் கலைஞர், சாக்ஸபோன் கலைஞர் பெயரில் வந்த ரெக்கார்டுகளில் இருக்கிறது.

காரணம் குழுவின் அமைப்பு. ஹேமண்ட் பி-3 ஆர்கன் வாசிப்பவர் இடது கையாலும் கால் பெடல்களாலும் பேஸ் வாசித்துவிடுவார். தனியாக பேஸ் கலைஞர் தேவைப்படாது. ஆர்கன், டிரம்ஸ், கிட்டார் மூன்றே போதும், சிறிய கிளப் களைகட்டிவிடும். ஆர்கன்காரர் தனி வாசிக்கும்போது தாளத்தைத் தாங்குவது கிட்டார். அவர் அடங்கியதும் முன்னால் வந்து பேசுவதும் கிட்டார். அந்த இரட்டைப் பொறுப்பிலிருந்துதான் இந்த வாசிப்பின் துள்ளல் பிறக்கிறது.

உங்களுக்குப் பென்சனிடமிருந்தே பாதை இருக்கிறது. 'ப்ரீஸின்' 1976-இல் வந்தது. அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1963-இல், 'பிரதர் ஜாக் மெக்டஃப் லைவ்!' ரெக்கார்டில் இளைஞர் பென்சன் வாசிக்கிறார். லூ டொனால்ட்சனின் 'அலிகேட்டர் பூகலூ' 1967. அதிலும் கிட்டார் பென்சன், ஆர்கன் லோனி ஸ்மித். அதே லோனி ஸ்மித் 1968-இல் பதிவு செய்த 'திங்க்!' ரெக்கார்டைத் தேடினால் அங்கே மெல்வின் ஸ்பார்க்ஸ் இருப்பார். இந்த வகையில் ஒரே ஒருவரை மட்டும் சேகரிக்க முடியும் என்றால், எங்கள் தேர்வு ஸ்பார்க்ஸ்தான். ஹூஸ்டனில் பிறந்தவர். பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்கு அவர் தம் பெயரில் செய்த 'ஸ்பார்க்ஸ்!', 'ஸ்பார்க் பிளக்', 'அகிலா!' மூன்றும் 1970 முதல் 1972-க்குள் வந்தவை. லியோன் ஸ்பென்சரின் 'ஸ்னீக் ப்ரிவ்யூ!', ரஸ்டி பிரையன்ட்டின் 'சோல் லிபரேஷன்' இரண்டிலும் கிட்டார் அவரே.

கிரான்ட் கிரீனை வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 1960-களின் முதல் பாதியில் அவர் வாசித்தது தூய ஜாஸ், புளூஸ். நீங்கள் தேடும் ஃபங்க் கிரீன் 1969 முதல் வருகிறவர்: 'கேரியின் ஆன்', 'கிரீன் இஸ் பியூட்டிஃபுல்', 'அலைவ்!'. கடைசியாகச் சொன்னது 1970 ஆகஸ்டில் நியூஜெர்சி மாநிலத்து நியூவர்க் நகர கிளப்பில் நேரடியாகப் பதிவானது. டிரம்ஸ் இத்ரிஸ் முகமது. கோர்டுகளை அதிகம் தொடாமல் ஒற்றை ஒற்றைச் சுரமாக, அதே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சூடேற்றுவது கிரீனின் வழி. நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடும்.

அடுத்து பூகலூ ஜோ ஜோன்ஸ். 'ரைட் ஆன் பிரதர்' ரெக்கார்டில் டிரம்ஸ் பெர்னார்டு பர்டி, ஆர்கன் சார்ல்ஸ் எர்லண்ட். வேகமான கைவிரல், ஒரு சுரமும் மங்காது. பிறகு ஓடனல் லெவி; அவர் குரூவ் மெர்ச்சன்ட் நிறுவனத்துக்குச் செய்தவை. கென்னி பரலின் 'மிட்நைட் ப்ளூ' ஃபங்க் அல்ல, 1963-இன் புளூஸ். ஆனாலும் அது உங்கள் அலமாரியில் இருக்கட்டும். மற்றவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பது அதில் கேட்கும்.

வேளச்சேரி வாசகர்: 'அலைவ்!' ரெக்கார்டு ஒன்றை 'ஒரிஜினல் முதல் பிரஸ்ஸிங்' (முதல் அச்சு) என்று விற்கிறார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் காது போன்ற குறி இருந்தால்தான் அசல் என்று படித்தேன். இதில் அது இல்லை. போலியா?

பதில்: காதுக் குறி இல்லை என்பதால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தக் குறி பிளாஸ்டிலைட் என்ற ஆலையின் அடையாளம். சாய்வாக எழுதிய 'பி' எழுத்து காது போலத் தெரியும். 1966-இல் 'அலைவ்!' வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனம், லிபர்ட்டி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனதோடு அந்த ஆலையுடன் தொடர்பு முடிந்தது. 1970 ரெக்கார்டில் அது இருக்க வழியே இல்லை. அதேபோல் ப்ளூ நோட்டின் பழைய '47 வெஸ்ட் 63' முகவரி போட்ட லேபிளும், மோனோ பிரதியும் 'அலைவ்!'-க்கு இருக்காது. மோனோ ரெக்கார்டு போடும் வழக்கம் அமெரிக்காவில் 1968 வாக்கிலேயே ஓய்ந்துவிட்டது.

பார்க்க வேண்டியது மூன்று: லேபிளில் அச்சான நிறுவனப் பெயரும் முகவரியும், ரன்-அவுட் பகுதியில் (லேபிளைச் சுற்றியுள்ள அந்த வெற்றுப் பகுதி) பொறித்த எண், கவர் அட்டையின் தன்மை. ரன்-அவுட்டில் 'வான் கெல்டர்' என்ற முத்திரை இருந்தால், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரே அந்தத் தட்டுக்கான லேக்கரை (அச்சுக்கு மூலமான தட்டை) வெட்டினார் என்று பொருள். அது முதல் பிரஸ்ஸிங் என்பதற்குச் சான்று ஆகாது. அதே தகட்டிலிருந்து பிற்காலத்திலும் அச்சடித்தார்கள். ஒலிக்கு அது நல்ல செய்திதான்.

பிரெஸ்டீஜ் லேபிளை அடையாளம் காண்பது இன்னும் சுலபம். 1960-களின் நடுவிலிருந்து திரிசூலச் சின்னம் போட்ட நீல லேபிள். 1971-இல் ஃபேன்டஸி நிறுவனம் வாங்கிய பிறகு பச்சை லேபிள்; பெர்க்லி, கலிஃபோர்னியா முகவரி இருக்கும். கவரில் 'ஓஜேசி' என்று தொடங்கும் எண் இருந்தால் 1982-க்குப் பிந்தைய மறுபதிப்பு. அசல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

மறுபதிப்பு வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. ப்ளூ நோட் 2019-இல் தொடங்கிய 'டோன் போயட்' வரிசையை வெட்டுபவர் கெவின் கிரே; மூல டேப்பிலிருந்து வெட்டுகிறார். அமைதியான தட்டு, கெட்டி அட்டை. தேய்ந்து கரகரக்கும் அசலைவிட இதில் கிட்டார் எவ்வளவோ தெளிவாகக் கேட்கும்.

அடையாறு வாசகி: அப்பாவின் எல்.பி.க்கள் இரண்டு மழைக்காலம் அட்டைப்பெட்டியில் கிடந்தன. வெண்புள்ளியாகப் பூஞ்சை. ஓடவிட்டால் சடசட சத்தம். காப்பாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். வினைல் பூஞ்சைக்கு உணவு அல்ல. அது உறைக் காகிதத்தையும் பசையையும் கைரேகை எண்ணெயையும் தின்றுகொண்டு தட்டின் மேல் படர்கிறது. அதனால் தட்டைக் கழுவிவிட்டுப் பழைய உள்ளுறையிலேயே திருப்பிப் போட்டால், அடுத்த ஐப்பசியில் மீண்டும் வந்துவிடும். உள்ளுறைகள் அத்தனையையும் தூக்கி எறியுங்கள்.

முதல் வேலையை மொட்டைமாடியில், முகக்கவசம் கட்டிக்கொண்டு செய்யுங்கள். மென்மையான பிரஷால் உலர்ந்த பூஞ்சையைத் தட்டிவிட வேண்டும். வீட்டுக்குள் செய்தால் வித்துகள் மற்ற கவர்களிலும் ஏறும். பிறகு கழுவும் கரைசல்: வடிநீர் 850 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 150 மி.லி., வாசனையில்லாத பாத்திரம் துலக்கும் திரவம் 2 சொட்டு. ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே சரி. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் சேர்க்கப்படும் எண்ணெய்ப் பொருள்கள் பள்ளத்தில் படியக்கூடும். போர்வெல் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் வேண்டவே வேண்டாம். உலர்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கி, பூஞ்சையைவிட மோசமான சத்தம் தரும்.

லேபிளின் விட்டம் 10 செ.மீ. அதைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் மூடியால் லேபிளை மறைத்து, கரைசலைத் தடவி ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே இழுக்கக் கூடாது. அடுத்து வெறும் வடிநீரால் ஒருமுறை. இந்த இரண்டாவது அலசலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கரைசலோடு கரைந்த அழுக்கு அங்கேயே காய்ந்துவிடுகிறது. தட்டைச் செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். இரண்டு முறை கழுவியும் சத்தம் அதே இடத்தில் இருந்தால், அது கீறல் அல்லது பூஞ்சை அரித்த தடம், போகாது.

முக்கியமான எச்சரிக்கை: அப்பாவின் பெட்டியில் கனமான, கீழே விழுந்தால் உடைகிற 78 வேகத் தட்டுகளும் இருக்கலாம். அவை ஷெல்லாக், அரக்குதான். ஆல்கஹால் பட்டால் கரையும். அவற்றுக்கு வடிநீரும் ஒரு சொட்டு சோப்புத் திரவமும் மட்டுமே.

வைக்கும் இடம் அதைவிட முக்கியம். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரியைப் போடாதீர்கள். சுவரிலிருந்து நாலு விரல்கடை, தரையிலிருந்து அரை அடி இடைவெளி வேண்டும். ஓர் அடி நீள வரிசை எல்.பி. சுமார் 15 கிலோ இருக்கும். ஈரத்தில் ஊதும் பார்ட்டிகிள் போர்டு தாங்காது, பலகை வேண்டும். தட்டுகளை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். பி.வி.சி. வெளியுறைகள் நம் ஊர் வெயிலில் தட்டின் மேல் மங்கலான படலம் விடுகின்றன. பாலிப்ரொப்பிலின் உறை வாங்குங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அறையில் ஈரப்பதமானி வைத்து 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் அடங்கும். ஏ.சி. போட்டுக் குளிர்ந்த அறையில், ஏ.சி.யை நிறுத்தியதும் ஜன்னலைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தட்டில் கடற்காற்றின் ஈரம் படியும்.

அண்ணா நகர் வாசகர்: அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பிய 1970-களின் டர்ன்டேபிளை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுகிறேன். பாட்டு மந்தமாக, சுருதி இறங்கிக் கேட்கிறது. பெல்ட் மாற்றியும் பலனில்லை.

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பழைய சின்க்ரனஸ் ஏ.சி. மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது ஹெர்ட்ஸ்தான். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுகிறது, சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கும். தீர்வு, மோட்டார் தண்டில் உள்ள புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்றுவது. பல கம்பெனிகள் இரண்டு வகையும் செய்தன. கிடைக்காவிட்டால், இப்போதுள்ள புல்லியைவிட 1.2 மடங்கு விட்டத்தில் நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். மையம் துளி விலகினாலும் சுருதி ஆடும்; மலிவாகச் செய்பவரிடம் போக வேண்டாம். டி.சி. மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட்-டிரைவ் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வோல்டேஜ் மட்டும் சரியானால் போதும்.

அப்படியே ஊசியையும் மாற்றிவிடுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ போன்ற காட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்திய தலைப்பகுதி) அழுத்தம் 2 கிராம். ஆர்மை முதலில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, டயலைச் சுழியத்தில் வைத்து, பிறகு 2-க்குத் திருப்புங்கள். குறைவாக வைத்தால் தட்டு தப்பிக்கும் என்ற எண்ணம் தவறு. லேசான ஊசி பள்ளத்தில் துள்ளி இரு சுவரையும் அடித்துக் கெடுக்கும். நீள்வட்ட முனை ஊசிக்கு சுமார் 300 மணி நேரம். 40 நிமிட எல்.பி. கணக்கில் 450 தடவை.

மயிலாப்பூர் வாசகர்: மூர் மார்க்கெட் பக்கம் பழைய ரெக்கார்டு கடைகளில் இந்த வகை கிடைக்குமா? வெளிநாட்டிலிருந்து வாங்கினால் எதைக் கவனிப்பது?

பதில்: அங்கே சினிமாப் பாட்டும் ஆங்கிலப் பாப்பும்தான் மிகுதி. பென்சனின் 1970-களின் பிற்பகுதி ரெக்கார்டுகள் கலந்து வரலாம்; பிரெஸ்டீஜ் லேபிளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். போனால் கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தட்டு பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்திருந்தால், செராமிக் காட்ரிட்ஜின் கனத்த ஊசி பள்ளத்தை உழுதிருக்கிறது. கீறல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கிட்டாரின் மேல்சுரங்கள் கிழிந்துதான் கேட்கும். எந்தக் கழுவலும் அதைத் திருத்தாது.

வெளிநாட்டு விற்பனையில் தரக்குறியை இசையோடு சேர்த்துப் படியுங்கள். அது நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி என மேலிருந்து கீழே இறங்கும். டிரம்ஸ் அடித்து நொறுக்கும் 'அலைவ்!' விஜி பிளஸ் தரத்தில் திருப்தியாக இருக்கும், விஜியில்கூடச் சமாளிக்கலாம். கிரீனின் 'ஐடில் மொமென்ட்ஸ்' தலைப்புப் பாட்டு ஏறத்தாழ 15 நிமிடம் மெதுவாக நகர்வது. விஜி தட்டில் ஒவ்வொரு பொட்டுச் சத்தமும் தனியே கேட்கும். அதற்கு நியர் மின்ட் அல்லது மறுபதிப்பு. 'கண்ணால் பார்த்துத் தரமிட்டதா, ஓடவிட்டுக் கேட்டதா' என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள்.

தட்டைக் கவருக்கு வெளியே தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கிக் கவரின் விளிம்பைக் கிழித்துவிடும். சுங்க வரி பொருள் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். ஒற்றைத் தட்டை வரவழைப்பதைவிட ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து சேர்த்து வாங்கினால், தட்டு ஒன்றுக்கு விழும் தபால் செலவு நன்றாகக் குறையும். 'பரிசு' என்று எழுதச் சொல்லாதீர்கள். விலையைக் குறைத்து எழுதிய பார்சல் உடைந்து வந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான். சித்திரை, வைகாசியில் வரும் பார்சல் பூட்டிய வண்டியில் வெயிலில் நின்றிருக்கும். வந்த அன்றே பிரித்து, தட்டு வளைந்திருக்கிறதா என்று டர்ன்டேபிளில் சுற்றவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். புகார் கொடுக்க உள்ள கெடு அதற்குள் ஓடத் தொடங்கியிருக்கும்.