பாட்டு வருகிறது, பேர் வரவில்லை: அப்பா நடிக்கவில்லை

பாட்டு பாடுகிற அப்பா பேர் கேட்டால் திணறுகிறாரே, நடிக்கிறாரா என்று கேட்கிறீர்கள். நடிப்பு இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு முருகன் பாட்டை முழுசாகப் பாடுகிறவர் தன் பேரைச் சொல்லத் திணறுவது அஃபேசியாவில் (மூளை அடிபட்டதால் பேச்சும் சொல்லும் தடுமாறும் நிலை) சகஜம்தான்.

இடது மூளையின் பேச்சுப் பகுதி அடிபட்டிருக்கும். மனப்பாடப் பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, திட்டு (ஆமாம், கெட்ட வார்த்தைகூடத் தெளிவாக வரும்!) இவற்றுக்கு வலது பக்கமும் கைகொடுக்கும். சொல்லைத் தேடி எடுப்பதில்தான் சிக்கல். ராகம் போட்டுப் பேசவைக்கும் சிகிச்சைமுறை இதை வைத்துத்தான் 1973-ல் அமெரிக்காவில் வந்தது. ஆனால் எல்லோருக்கும் அது பலிக்காது.

கண்ணாடி, காது மிஷின் போட்டுவிட்டு, சைகை காட்டாமல், "மூக்கைத் தொட்டுட்டு கதவைக் காட்டுங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் புரிதலிலும் அடி இருக்கலாம். கை ஒத்துழைக்காததாலும் தடுமாறலாம், நீங்களாக முடிவுகட்டாதீர்கள்.

பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் படம் காட்டிப் பேர் கேட்பதோடு நிறுத்துகிறார் என்கிறீர்கள். அது போதாது. காது, பார்வை, மனச்சோர்வு, அவருக்கு யாரிடம் என்ன பேச வேண்டியிருக்கிறது, எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிள் படத்தைவிடப் பேரன் பேர் அவருக்கு முக்கியம்.

தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா? அப்படியானால் முதலில் விழுங்குதல் பரிசோதனை, உடனே. பேச்சுப் பயிற்சி இரண்டு நாள் காத்திருக்கலாம்.